சீரகம் வைத்த பக்கம் வடக்கு

செல்லூரில், எட்டு வீடும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயும் உள்ள எங்கள் பழனியாண்டி காம்பவுண்டில், கேஸ் சிலிண்டர் வராமல் இருந்த நாற்பத்தோரு நாளில், மூன்றாம் நம்பர் வீட்டு வடிவு மைக்ரோவேவில் சுட்ட சப்பாத்திகள், யார் எதைத் தொலைத்தார்களோ அது எங்கே கிடக்கிறது என்று வழி காட்டிக்கொண்டிருந்தன. அதற்காக நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் வாயைப் பிளக்க எங்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன, அதில் முதல் காரணம் மற்ற ஏரியாவுக்கெல்லாம் வருகிற சிலிண்டர் எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பது.

மதுரையில் சப்பாத்தியை யாரும் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை, டாக்டர் சொல்லித்தான் சாப்பிடுவார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்து வளர்த்த உடம்புக்கு ஒருநாள் சுகர் வந்துவிட்டது என்று சீட்டு எழுதித் தருவார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நுழைகிற சப்பாத்தி அப்புறம் வெளியே போகாது. மினிபஸ் கண்டக்டரான தவமணிக்கும் அப்படித்தான் சீட்டு எழுதினார்கள், அவர் சம்சாரம் வடிவும் அப்படித்தான் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தாள். முழுப்பெயர் சண்முகவடிவு. அவளுக்கு இட்லி வரும், பணியாரம் வரும், கேட்டால் பத்தே நிமிஷத்தில் அதிரசப் பாகுகூட வரும், சப்பாத்தி மட்டும் வராது. வட்டமாக ஆரம்பிப்பாள், ஒரு பக்கம் மூக்கு நீளும், மூக்கைச் சரிசெய்தால் மறுபக்கம் வால் முளைக்கும். "என்ன வடிவக்கா, இன்னைக்கு இலங்கையா, ஆஸ்திரேலியாவா?" என்று குழாயடியில் நாங்கள் கேட்போம், அவளும் கோபித்துக்கொள்ளாமல், "இன்னைக்கு ராமநாதபுரம்" என்பாள்.

மைக்ரோவேவ் அவளுக்கு ஆடித் தள்ளுபடியில் ஒரு ஜவுளிக்கடைக் குலுக்கலில் விழுந்தது. இரண்டு தலையணை உறை வாங்கப் போனவள், ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாததால், நம் வீடுகளில் புதுச் சாமானுக்குச் செய்கிற எல்லா மரியாதையையும் அதற்குச் செய்தாள். பூப்போட்ட துணியால் மூடினாள், மேலே ஒரு பிளாஸ்டிக் அன்னப்பறவையை உட்கார வைத்தாள், எறும்பு ஏறாத இடம் அது ஒன்றுதான் என்பதால் ரேஷன் கார்டையும் அப்பளக் கட்டையும் உள்ளே வைத்தாள். ஆயுத பூஜை வந்தது. தவமணி தன் விசிலுக்கும் டிக்கெட் பைக்கும் பொட்டு வைத்த கையோடு மைக்ரோவேவுக்கும் மூன்று பட்டை விபூதி இழுத்தார், வெளியே இழுத்தது போதாதென்று கதவைத் திறந்து உள்ளேயும் இழுத்தார், சுழல்கிற கண்ணாடித் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். சாமிக்குக் காட்டியதைத் துடைக்கக் கூடாது என்று வடிவு அதைத் துடைக்கவே இல்லை.

அதுதான் காரணம் என்று பிற்பாடு காம்பவுண்டில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், ரேஷன் கோதுமைதான் காரணம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். அப்பத்தைத் தின்னச் சொன்னார்களா, குழியை எண்ணச் சொன்னார்களா? அதற்கு மேல் நாங்கள் தோண்டவில்லை.

சிலிண்டர் தீர்ந்த மூன்றாம் நாள் காலையில், ஹோட்டல் இட்லி கட்டுப்படியாகாது என்று முடிவுசெய்து, வடிவு அப்பளக் கட்டை வெளியே எடுத்துவிட்டு, போனில் ஒரு வடநாட்டு அம்மா இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே மைக்ரோவேவில் சப்பாத்தி சுடுவதை மூன்று தடவை பார்த்தாள். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. மாவைக் கொஞ்சம் தளரப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, தட்டில் போட்டு நாற்பது நொடி, திருப்பிப் போட்டு முப்பது நொடி, எடுத்த கையோடு ஈரத்துணியில் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் அட்டையாகிவிடும். தேய்க்கும்போது அவள் பாட்டுக்கு, "பீரோ சாவிய எங்கதான் தொலைச்சேனோ" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

மைக்ரோவேவில் சப்பாத்தி சிவக்காது, உப்பும், வெந்துபோகும், ஆனால் வேட்டி மாதிரி வெள்ளையாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு வந்ததில் பழுப்பாகக் கோடுகள் ஓடியிருந்தன. எட்டுச் சதுரம், நடுவில் ஒரு நீளக் கோடு, கோட்டின் முனையில் கருகலாக ஒரு புள்ளி. தவமணி தட்டைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வடிவு, இது நம்ம காம்பவுண்டுல்ல?"

"ஆமாங்க. இந்தா குழாயி."

"புள்ளி துவைக்கிற கல்லுக்கிட்ட நிக்குது."

எழுந்து போய்த் துவைக்கிற கல்லை நகர்த்தினார், சாவி கிடந்தது. கழுவி அவள் கையில் கொடுத்துவிட்டு, சப்பாத்தியைத் தக்காளித் தொக்கோடு சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

குழாயடிக்குத் தெரிந்தது மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்தது, தெருவுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமைக்குள் செல்லூருக்கே தெரிந்தது. கம்மலைத் தொலைத்தவள் வந்தாள், கடைச் சாவியைத் தொலைத்தவன் வந்தான், ஆட்டைத் தொலைத்தவர் ஆட்டின் கயிற்றோடு வந்தார், கல்யாணப் பந்தியில் புதுச் செருப்பைத் தொலைத்தவர் வெறுங்காலோடு வந்தார், வந்தவர்களுக்கெல்லாம் வடிவு தேய்த்தாள், தேய்த்ததெல்லாம் கோணலாக வந்தது, கோணலாக வந்ததெல்லாம் எங்கேயோ ஒரு தெருவாகவோ தோப்பாகவோ மொட்டைமாடியாகவோ இருந்தது. செருப்பின் புள்ளி மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றதால் அந்தக் குடும்பத்தில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு என்று எடுத்துக்கொண்டால், தூக்கத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி நான் ஒன்று போட்டுப் பார்த்தேன். புள்ளி ஏழாம் நம்பர் வீட்டு டிவிக்கு நேராக நின்றது, மறுநாளிலிருந்து அவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஹவுஸ் ஓனர் பழனியாண்டி, குடியிருப்பவர்களிடம் நேரில் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று எல்லாவற்றையும் சுவரில் எழுதி ஒட்டுகிறவர். அவர் ஒரு தாள் ஒட்டினார். 'தொலைத்தவர்கள் அவரவர் மாவு கொண்டு வரவும். தொலைத்ததைச் சத்தமாகச் சொல்லவும். குழாயடியில் செருப்பு விடக் கூடாது. இப்படிக்கு, ஓனர்.' இரண்டாவது வரி அவராக எழுதியதில்லை, நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னது. மாவு கட்டையில் உருளும்போது தொலைத்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். முணுமுணுத்தவர்களுக்குக் கோடு கலங்கலாக விழுந்தது, கூச்சப்பட்டு வேறொன்றைச் சொன்னவர்களுக்கு அந்த வேறொன்றே கிடைத்தது.

திசைதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. தட்டு சுழல்கிற தட்டு, எந்தப் பக்கம் வடக்கு என்று சப்பாத்திக்கே தெரியாது, ஆட்டைத் தேடிப் போனவர் நேர் எதிர்த்திசையில் போய் அலங்காநல்லூரில் வேறொருவர் ஆட்டைப் பிடித்து உதை வாங்கப் பார்த்தார். ஆறாம் நம்பரில் இருந்த ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவர், அவருக்கு அது பொறுக்கவில்லை.

"வடக்கு இல்லாத மேப்பு மேப்பே இல்ல வடிவு. பரிச்சையில ஒரு மார்க் போயிரும்" என்றார்.

"அதுக்கு நான் என்ன டீச்சர் செய்றது, அதுபாட்டுக்குச் சுத்துதே?"

"போடுறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு சீரகத்த அழுத்தி வையி. அதுதான் வடக்குன்னு அதுக்கிட்டச் சொல்லு."

வடிவு அப்படியே சொன்னாள். மைக்ரோவேவும் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டது, அன்றிலிருந்து சீரகம் வைத்த பக்கம் வடக்கு. டீச்சரின் வகுப்பில் அந்த வருஷம் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் அம்புக்குறிக்குப் பதிலாகச் சீரகம் வரைந்து வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, டீச்சர் அதை மறுக்கவும் இல்லை.

எல்லாருக்கும் புள்ளி விழுந்ததா என்றால், இல்லை. வார்டு தேர்தலில் டெபாசிட்டைத் தொலைத்த ஒருத்தர் நான்கு ஆட்களோடு வந்து அதைக் கேட்டார், சப்பாத்தி சுத்த வெள்ளையாக வந்தது, நாங்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம். ஆனால் ஆரப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் நாயைத் தேடி வந்தபோதும் வெள்ளையாகத்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்த நாய் பைபாஸ் ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போயிருந்ததாகத் தகவல் வந்தது. உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு வரைபடம் இல்லை என்பதை நாங்கள் அன்றைக்குப் புரிந்துகொண்டோம். வடிவும் புரிந்துகொண்டாள், அவள் முகம் அன்று பூராவும் சரியில்லை.

ஏன் சரியில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர், அதில் ரகசியம் நிற்காது. வடிவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், தெய்வானை என்று பெயர். அம்மா மில்லுக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஆறு வயசு மூத்தவளான வடிவுதான் அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வளர்த்தது. அந்தத் தெய்வானை ஒருநாள் வேறு சாதிப் பையன் ஒருத்தனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு வந்து நின்றாள். வீட்டில் எல்லாரும் குதித்தார்கள், குதித்தவர்கள் இரண்டு வருஷத்தில் மனசுக்குள் அடங்கியும் போனார்கள். வடிவு குதிக்கவில்லை. சாதி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, "எங்கிட்டகூடச் சொல்லலையே" என்பதுதான் அவளை அறுத்தது. அந்த ஆத்திரத்தில், "இனிமே எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கிடையாது" என்று நடுத்தெருவில் வைத்துச் சொல்லிவிட்டாள். தெய்வானை மாலையோடு அப்படியே திரும்பிப் போனாள். அப்புறம் வாடகை வீடு மாறி மாறி இவர்கள் ஒரு பக்கம், அவர்கள் எந்தப் பக்கமோ. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சென்னைக்குப் போய்விட்டாள் என்றார்கள், துபாய் என்றும் சொன்னார்கள்.

நாய்க்காரர் வந்துபோன வாரத்தில் தவமணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

"ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்குறியே. ஒனக்குன்னு ஒண்ணு போட்டுப் பாரேன்."

"நான் என்னத்தத் தொலைச்சேன்?"

அவர் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. அவளே பேசினாள்.

"வெள்ளையா வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?"

சுவருக்கு இந்தப் பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் என் தோசை தீய்ந்தது.

முப்பத்தொன்பதாம் நாளிலிருந்து கோடுகள் வெளுக்க ஆரம்பித்தன. குடையைத் தொலைத்தவருக்குப் புள்ளி, பால் அதிகமான டீ நிறத்தில் விழுந்தது. குடை கிடைத்தது, ஆனால் இரண்டு மணி நேரம் தேட வேண்டியிருந்தது. நாற்பதாம் நாள் சாயங்காலம் எங்கள் எட்டு வீட்டுப் போனிலும் ஒரே நேரத்தில், நாளைக் காலை சிலிண்டர் வருகிறது என்று செய்தி வந்தது. எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சந்தோஷச் சத்தம் கேட்டது, அடுத்த நிமிஷமே எட்டு வீடும் அமைதியாகிவிட்டது. கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் இந்த வரைபடம் இருக்காது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நாற்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு வடிவு தலைக்குக் குளித்துவிட்டு, மாவுப் பாத்திரத்தையும் பூரிக்கட்டையையும் வாசலுக்கே எடுத்துவந்து கயிற்றுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தவமணி லீவு போட்டுவிட்டு மைக்ரோவேவை ஸ்டூலோடு தூக்கிவந்து ஜன்னல் வழியாக வயர் கொடுத்தார். நாங்கள் குடத்தைக் குழாயடியில் அப்படியே போட்டுவிட்டு வந்து அவள் பின்னால் நின்றோம். ஓனர் பழனியாண்டிகூட எழுதி ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா வந்து நின்றார்.

அவள் தேய்க்க ஆரம்பித்தாள், கட்டை உருண்டது, அவள் வாய் திறக்கவில்லை. உருட்ட உருட்ட மாவு மெலிந்துகொண்டே போனது, இன்னும் நான்கு உருட்டு உருட்டினால் கிழிந்துவிடும்.

"சொல்லுக்கா" என்றேன் நான்.

"வடிவு, சொல்லிரும்மா" என்றார் டீச்சர்.

வடிவு கட்டையை நிறுத்தாமல், குனிந்த தலை நிமிராமல், எட்டு வீட்டுக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எந்தங்கச்சி. எந்தங்கச்சி தெய்வானையத் தொலைச்சுட்டேன். அவளா போகல, நாந்தான் தொலைச்சேன்."

சொல்லிவிட்டு எடுத்துப் போட்டாள். நாற்பது நொடி. கதவுக்குள் மஞ்சள் வெளிச்சத்தில் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், வெள்ளையாகவே சுற்றியது. திருப்பிப் போட்டாள். கர்த்தரே என்று டீச்சரும், முருகா என்று பழனியாண்டியும், தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி தவமணியும் நின்றார்கள். மணி அடித்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு எடுத்துக் கட்டிலில் ஈரத்துணி மேல் போட்டாள்.

"கண்ணத் திற வடிவு. சிவந்திருக்கு" என்றார் தவமணி.

இத்தனை நாளில் எந்தச் சப்பாத்தியும் அப்படிச் சிவந்ததில்லை. தெருத்தெருவாகக் கோடு ஓடியிருந்தது, குறுக்கே அகலமாக ஒரு பட்டை வளைந்து போனது, பட்டைக்கு அந்தப் பக்கம் அச்சில் வார்த்த மாதிரி ஒரு பெரிய சதுரம், சதுரத்துக்குப் பக்கத்தில் மிளகளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி. உயிரோடு இருக்கிறாள். வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நாங்களும் கொஞ்சம் அழுதோம். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் டீச்சர் கேட்டார், "சீரகம் எங்க?"

சீரகம் இல்லை. இத்தனை நாள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் மறக்காமல் வைத்தவள், தனக்கு வைக்க மறந்துவிட்டாள்.

ஓரம் காய்ந்து சுருள ஆரம்பித்திருந்தது, தவமணி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். குறுக்கே போகிற பட்டை காவிரி, இது திருச்சி என்றார் பழனியாண்டி. காவிரி என்றால் ஓரத்திலாவது கொஞ்சம் ஈரம் தெரியுமே என்றேன் நான். இவ்வளவு பெரிய சதுரமாகக் கட்டடம் கட்டுகிறவன் துபாய்க்காரன்தான் என்றார் ஏழாம் நம்பர்க்காரர். தவமணிக்கு அவர் பஸ் போகிற ரூட்டைத் தவிர உலகத்தில் வேறு ரோடு தெரியாது, அவர் தண்ணீர் தெளிப்பதோடு நின்றுகொண்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஹைதராபாத்தா இருக்குமோ?" என்றார். வடிவு எங்கள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் சிலிண்டர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காஜா பாய் ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தோரு நாள் கழித்து வருகிறோம், கூட்டமாக நின்று திட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே வந்தவர், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காததில் கொஞ்சம் வருத்தப்பட்டு, சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நின்றோம், அவர் ஒருவர்தான் எதிர்ப்பக்கம் நின்றார்.

"என்னம்மா, நம்ம ஊரையே சுட்டு வச்சிருக்கீங்க?"

"எந்த ஊரு பாய்?" என்று எட்டு வீடும் ஒன்றாகக் கேட்டது.

"மதுரதான். இந்தா நிக்கிறீங்களே செல்லூரு. இது வைகை. இந்தா, சதுரமா, தெப்பக்குளம். அதுக்குப் பின்னாடி அனுப்பானடி." விரலைச் சப்பாத்தியில் படாமல் ஓட்டிக்கொண்டே போய்ப் புள்ளியில் நிறுத்தினார். "இது மாடி வீடு. நாலாவது படி உடைஞ்சிருக்கும். சிலிண்டர் தூக்கிட்டுப் போனா அந்தப் புள்ள மோர் குடுக்காம அனுப்பாது. வண்டியில இருவது நிமிசம்."

நாங்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கிருந்து பார்த்தால் மதுரையாகத்தான் இருந்தது. தலைகீழாக நின்றால் சொந்த ஊர்கூட துபாய் மாதிரித்தான் தெரியும் போலிருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்றதும் வைகை ஞாபகத்துக்கு வராமல் போனதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

"இருவது நிமிசந்தானா?" என்றாள் வடிவு. ஒன்பது வருஷத்தையும் அவள் அந்த ஒரு வார்த்தையில் சொன்ன மாதிரி இருந்தது.

"சிக்னல் விழுந்தா முப்பது. ஏறும்மா, கொண்டுபோய் விடுறேன்."

வடிவு யோசிக்கவில்லை. சப்பாத்தியை ஈரத்துணியோடு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடி, காஜா பாய் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பின்னால் எங்கள் ஏழு வீட்டுக்கும் இறக்காத சிலிண்டர்கள் குலுங்கிக் குலுங்கி மணியடிக்க வண்டி கிளம்பிப் போய்விட்டது. நாற்பத்தோரு நாள் காத்திருந்தவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டோமா? ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. வடிவு வீட்டில் இறக்கிய சிலிண்டரை மட்டும் தவமணி மாட்டி அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், நீலமாக எரிந்தது. அதற்குப் பிறகு அந்த மைக்ரோவேவில் சுட்ட சப்பாத்தி எல்லாம் வெள்ளையாகவே வந்தது.

அங்கே நடந்ததைப் பாதி காஜா பாய் சொன்னார், மீதியை வடிவே சொன்னாள். கீழேயே நிற்கிறேன் என்று பாய் சொன்னாராம், ஆனால் நாலாவது படிவரை ஏறி நின்றுகொண்டார் என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார். தெய்வானை ஈரக்கையோடு கதவைத் திறந்து, பாய் கொடுத்த குரலுக்குப் பதிலாக, "போன வாரந்தான பாய் போட்டீங்க?" என்று ஆரம்பித்தவள், முன்னால் நிற்பவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எளச்சுட்ட" என்றாள் வடிவு.

"நீ நல்லாக் குண்டாயிட்டக்கா."

அந்த அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் வடிவு தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். யார் அழுதது, யார் சிரித்தது என்று பாய்க்குச் சரியாகத் தெரியவில்லை, படி வளைவில் நின்றதால் மறைத்துவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் தெய்வானை கேட்டாள், வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. வடிவு சிலிண்டர் வராததிலிருந்து தொடங்கி, சாவி, ஆடு, செருப்பு, சீரகம் எல்லாவற்றையும் சொல்லி, தட்டைத் திறந்து காட்டினாள். தெய்வானை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆமாம், இது எங்கள் தெரு என்றாள்.

"ஆனா இதுக்கு ஏன்க்கா இம்புட்டுக் கஷ்டம்? எங்கிட்ட அதே நம்பருதான். இவரு ரெண்டு தடவ போன மாத்துனாரு, நம்பர மாத்த விடல நான். நீ கூப்பிடுவன்னு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நம்பரு மனப்பாடமாத் தெரியும்டி. எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சிருவேன். கூப்பிட்டு என்னன்னு சொல்றது? சிலிண்டர் வரலன்னு சொல்றதா?"

"அதச் சொல்லிருந்தாலும் போதுமேக்கா" என்றாள்.

காலையிலிருந்து வடிவு ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. தெய்வானை அடுப்பிலிருந்த கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சப்பாத்தி அதற்குள் அட்டையாகியிருந்தது, பிய்க்க வரவில்லை, தெய்வானை அதை முழங்காலில் வைத்து உடைத்தாள். செல்லூர் ஒரு துண்டாகவும் அனுப்பானடி ஒரு துண்டாகவும் நடுவிலிருந்த ஆறு தனியாகவும் உடைந்து தட்டில் விழுந்தன. இரண்டு பேரும் முதலில் ஆற்றைத்தான் எடுத்தார்கள், ஆளுக்குப் பாதியாக ஒடித்துக் குழம்பில் ஊறவைத்துத் தின்று தீர்த்தார்கள்.